கறை படிந்த தோல் இருக்கைகள்: கார் உரிமையாளருக்கு முழுமையான வழிகாட்டி

தோல் இருக்கையில் கறை பட்டதும் எல்லோரும் முதலில் கேட்பது, எதைப் போட்டுத் துடைக்கலாம் என்பதைத்தான். துடைக்கும் பொருளைவிட வேலையின் வரிசையே இங்கு முக்கியம். இன்றைய கார்களில் வரும் தோல் இருக்கைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் மேல் நிறமியும் பாலியூரித்தேன் வகைப் பூச்சும் மெல்லிய படலமாக ஏற்றப்பட்டிருக்கும். உங்கள் விரல் தொடுவது அந்தப் படலத்தைத்தான். தோல் அதற்கு அடியில் இருக்கிறது. பெரும்பாலான கறைகளும் அந்தப் படலத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியிலும் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: கறை போக வேண்டும், படலம் இருக்க வேண்டும்.

1. இருக்கை எதனால் ஆனது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

'லெதர் சீட்' என்று சொல்லி விற்கப்படும் பல கார்களில் உடல் படும் முன்பகுதி மட்டுமே தோலாக இருக்கும். பக்கவாட்டும் முதுகுப்புறமும் செயற்கைத் தோலாக, அதாவது நம் ஊர்ப் பேச்சில் ரெக்சினாக இருக்கும். இருக்கை முழுவதுமே செயற்கைத் தோலாக இருப்பதும் சாதாரணம். கார் வாங்கிய பிறகு கோவையிலோ ஈரோட்டிலோ கடையில் கொடுத்துத் தைத்துப் போட்ட உறை என்றால் அது ரெக்சினாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காருடன் வந்த கையேட்டில் இருக்கைப் பொருளின் பெயர் இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

கையேடு இல்லையென்றால், இருக்கையின் அடிப்புறத்தில் மடித்துத் தைத்த விளிம்பைப் பாருங்கள். பின்புறம் நெய்த துணி தெரிந்தால் அது ரெக்சின். நார் நாராக, வெல்வெட் மாதிரி இருந்தால் தோல். தீக்குச்சியால் சுட்டுப் பார்க்கச் சொல்லும் யோசனையைக் காதில் வாங்க வேண்டாம்.

தோல்தான் என்று தெரிந்தபின் அடுத்த சோதனை. கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். சொட்டு முத்தாக நின்றால் பூச்சுள்ள தோல். இந்த வழிகாட்டி முழுவதும் அதற்குப் பொருந்தும், ரெக்சினுக்கும் ஏறத்தாழ பொருந்தும். சொட்டு உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால் அது பூச்சில்லாத அல்லது பூச்சு தேய்ந்துபோன தோல். அதன் மேல் தூசி எடுப்பதற்கு மேல் எதையும் நீங்களாகச் செய்யாமல், தோல் வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி. மென்முடி போன்ற பரப்புடைய ஸ்வேட் (suede), அல்கன்டாரா வகைகளுக்கும் இங்கே சொல்வது எதுவும் பொருந்தாது.

2. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

தோலுக்கென்றே விற்கப்படும், காரத்தன்மை இல்லாத திரவ க்ளீனர் ஒரு புட்டி. மென்மையான பிரஷ் ஒன்று. வெள்ளை மைக்ரோஃபைபர் துணிகள் ஐந்தாறு. பிரஷ் முனை பொருத்திய வேக்குவம் க்ளீனர். இரண்டு சிறிய வாளிகள். நீர் அடிப்படையிலான லெதர் ப்ரொடெக்டன்ட், அதாவது துடைத்தபின் தோலின் மேல் போடும் பாதுகாப்புப் பூச்சு. இவ்வளவுதான் தேவை. நல்ல பிரஷ் கிடைக்காவிட்டால் புதிய ஷேவிங் பிரஷ் போதும். பல் துலக்கும் பிரஷ், துணி துவைக்கும் பிரஷ், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், 'மேஜிக் ஸ்பாஞ்ச்' என்று விற்கும் வெள்ளைப் பஞ்சு ஆகியவற்றை ஒதுக்கி வையுங்கள். அந்த வெள்ளைப் பஞ்சு தொடுவதற்கு மெத்தென்று இருந்தாலும், வேலை செய்யும் விதத்தில் அது மிக நுண்ணிய உப்புத்தாள். கறையோடு பூச்சையும் சேர்த்து அரைத்துவிடும்.

க்ளீனரில் காரத்தன்மை ஏன் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. பதனிட்ட தோல் இயல்பில் சற்றே அமிலத்தன்மை உடையது. துணி சோப்பு, சோப்புத்தூள், சமையல் சோடா ஆகியவை காரத்தன்மை உடையவை. அவை திரும்பத் திரும்பப் படும்போது தோல் விறைக்கிறது, பூச்சின் பிடிப்பு தளர்கிறது. ஒரு முறை பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. அதனால்தான் 'நான் சோப்புதான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

துணி விஷயத்தில் நம் பகுதிக்கே உரிய ஒரு தவறு உண்டு. திருப்பூருக்குச் சுற்றுப்புறத்தில் ஒர்க்‌ஷாப், தறிக்கூடம், வீடு என எங்கே பார்த்தாலும் பனியன் வேஸ்ட் கிடக்கும். கையில் கிடைத்ததை எடுத்துச் சீட்டைத் துடைத்துவிடுவார்கள். கறுப்பு, சிவப்பு, கருநீலத் துண்டுகள் க்ளீனரில் நனைந்ததும் சாயம் விடும். வெளிர் நிற இருக்கையில் அதுவே புதுக் கறையாகும். ஓவர்லாக் தையல் உள்ள ஓரங்கள் பூச்சில் கோடு இழுக்கும். வெள்ளைத் துண்டாக, தையலோ பிரிண்ட்டோ இல்லாததாகப் பொறுக்கி எடுத்து ஒரு முறை அலசிக் காயவைத்துப் பயன்படுத்தினால் பனியன் துணியில் குறை சொல்ல எதுவும் இல்லை. வெள்ளைத் துணிதான் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது எட்டாவது படியில் வரும்.

தண்ணீரும் ஒரு பொருள்தான். நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடுமையான உப்புத் தண்ணீர். அது காய்ந்த இடத்தில் கறுப்பு இருக்கையில் வெள்ளைத் திட்டு விழும், தையல் ஓட்டைகளில் உப்பு படியும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் கவலை இல்லை. மற்றவர்கள் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் இரண்டு லிட்டர் ஒதுக்கினால் போதும். இந்த வேலைக்கு அதற்கு மேல் தண்ணீர் தேவைப்பட்டால் நீங்கள் அதிகமாக நனைக்கிறீர்கள் என்று பொருள்.

3. நிழலும் நேரமும்

வெளியே 38 டிகிரி இருக்கும் சித்திரை, வைகாசி நாள்களில் மூடிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சூடான பூச்சு இளகியிருக்கும். அதன் மேல் க்ளீனர் பட்டால் துடைப்பதற்குள் காய்ந்து வரம்பு கட்டிவிடும். எனவே காலை வேளையில், நிழலில் நிறுத்தி, நான்கு கதவுகளையும் திறந்து, இருக்கையைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் நிலையில்தான் தொடங்க வேண்டும்.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கங்களில் கதவைத் திறந்து வைத்து வேலை செய்தால் ஒரு பக்கம் துடைக்கத் துடைக்க மறுபக்கம் புழுதி படியும். அந்த நாள்களில் காரை ஷெட்டுக்குள் வைத்துச் செய்யுங்கள். ஐந்து பேர் உட்காரும் காருக்கு, காயும் நேரமும் சேர்த்து, அரை நாள் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

4. ஈரம் படுவதற்கு முன் தூசி முழுவதும் வெளியே போக வேண்டும்

புதிதாகச் செய்பவர்கள் தவறாமல் தாண்டிச் செல்லும் படி இது. நேராக ஈரத் துணியை எடுக்கிறார்கள். இருக்கையின் மடிப்புகளில் இருக்கும் செம்மண் துகள், தோட்டத்து மணல், பஞ்சுத் தூசி எல்லாம் நனைந்து துணியோடு ஒட்டி, தேய்க்கும் ஒவ்வொரு முறையும் பூச்சைக் கீறுகின்றன. துடைத்த பிறகு 'சீட் மங்கிவிட்டது' என்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கீறல்களைத்தான்.

தலைச்சாய்வைக் கழற்றுங்கள். இருக்கையை முழுவதும் பின்னால் தள்ளி முன்பக்கத்தையும், முன்னால் தள்ளிப் பின்பக்கத்தையும் வேக்குவம் செய்யுங்கள். முதுகும் அடியும் சேரும் இடுக்கைக் கையால் விரித்துப் பிடித்து, பிரஷ் முனையால் உறிஞ்ச வேண்டும். தையல் கோடுகளின் மேல் முனையை அழுத்தி இழுக்க வேண்டாம். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற வயர் இணைப்புகள் தெரிந்தால் அவை காற்றுப்பையைச் சேர்ந்தவை. அவற்றைக் கையால் அசைக்கவே கூடாது.

பழநியோ சென்னிமலையோ போய் வந்த கார்களில் திருநீறு கட்டாயம் சிந்தியிருக்கும். அதைத் துடைக்கக் கூடாது; உறிஞ்சவே வேண்டும். ஈரம் பட்டதும் அது சாந்தாகி, துளையிட்ட இருக்கைகளின் ஓட்டைகளில் போய் அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்திருந்தால், உலர்ந்த நிலையில் மென்பிரஷால் தட்டித் தட்டி வேக்குவத்தை மேலே பிடியுங்கள். பல்குச்சியை விட்டு நோண்டினால் ஓட்டையின் விளிம்பு கிழியும்.

5. மறைவிடத்தில் ஒரு சோதனை

க்ளீனரை வெள்ளைத் துணியில் சிறிது எடுத்து, இருக்கையின் பின்புறக் கீழ் ஓரத்தில் பத்து முறை லேசாகத் தேயுங்கள். துணியில் அழுக்கு வந்தால் சரி. இருக்கையின் நிறமே துணியில் வந்தால் அந்த க்ளீனர் உங்கள் இருக்கைக்கு ஆகாது. நிறம் மாறுகிறதா என்று அந்த இடம் காய்ந்தபின் ஒரு முறை பார்க்க வேண்டும், ஏனெனில் ஈரத்தில் எல்லா இடமும் கருமையாகவே தெரியும். தோல் பகுதியில் ஒன்று, ரெக்சின் பகுதியில் ஒன்று என இரண்டு சோதனைகள் தேவை.

6. கறையை விட்டுவிட்டு, இருக்கை முழுவதையும் துடையுங்கள்

கறையைப் பார்த்தால் கை அங்கேதான் போகும். போகவிடாமல் தடுப்பதுதான் இந்தப் படியின் நோக்கம். பல மாதமாக அழுக்கேறிய இருக்கையில் கறை இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால், கறை போனாலும் அந்த இடம் வெளிறிய வட்டமாக நிற்கும். பிறகு அந்த வட்டத்தைச் சரிசெய்ய அதைச் சுற்றித் தேய்ப்பார்கள், வட்டம் பெரிதாகும். மேலும், கறை என்று நினைத்ததில் பாதி, உடல் எண்ணெயும் தூசியும் சேர்ந்த சாதாரண அழுக்காகவே இருக்கும். பொதுவான துடைப்பிலேயே போய்விடும்.

க்ளீனரை இருக்கையின் மேல் நேராகத் தெளிக்க வேண்டாம். பிரஷில் அல்லது துணியில் ஊற்றி, இரண்டு கைகளால் நுரை வரும்படி பிசைந்துகொண்டு, ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை உள்ள ஒரு துண்டை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு வட்டங்களாக, பிரஷின் முடி வளையாத அளவு அழுத்தத்தில் தேயுங்கள். தேய்த்த உடனே, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் நுரையை எடுங்கள். பின்பு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். அந்தத் துண்டு முடிந்தபின்தான் அடுத்த துண்டு. மேலிருந்து கீழாக, தலைச்சாய்வு, முதுகு, உட்காரும் பகுதி, முன் விளிம்பு என்று இறங்குங்கள்; மேலிருந்து வழியும் அழுக்கு ஏற்கெனவே துடைத்த இடத்தில் விழாது.

துளையிட்ட இருக்கையிலும், அடியில் விசிறி உள்ள இருக்கையிலும் ஈரம் இன்னும் குறைவாக இருக்க வேண்டும். உள்ளே இறங்கிய நுரை பஞ்சில் தங்கி நாறும். இருக்கைக்குள் ஆள் அமர்ந்திருப்பதை அறியும் உணரியும் வயர்களும் உண்டு. துணியைப் பிழிந்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் அது அதிக ஈரம்தான்.

அழுக்கு போய்விட்டதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பளபளப்பை வைத்து அளக்காதீர்கள். பெரும்பாலான கார்த் தோல் தொழிற்சாலையிலிருந்து வரும்போது மங்கலான பரப்போடுதான் வரும். ஓட்டுநர் இருக்கையின் முதுகில் பளபளவென்று மின்னுவது வியர்வையும் எண்ணெயும் படிந்த அழுக்கு. துடைத்தபின் அந்த இடம் மங்கலானால் வேலை சரியாக நடந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் 'பாலிஷ் போயிற்று' என்று பதறி டாஷ்போர்டு பாலிஷை வாங்கி அடிப்பவர்கள் ஏராளம்.

7. மிஞ்சிய கறைகள், ஒவ்வொன்றாக

முழு இருக்கையும் துடைத்துக் காய்ந்தபின் எது மிஞ்சியிருக்கிறதோ அதுதான் உண்மையான கறை. இனி ஒவ்வொன்றையும் அதன் தன்மைக்கேற்பப் பார்க்க வேண்டும்.

மஞ்சள். ஈரோட்டு மஞ்சளைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழம்புத் தூக்கு சாய்ந்தாலும், மஞ்சள் நீராட்டு முடிந்து ஈரச் சேலையோடு உட்கார்ந்தாலும், இருக்கையில் முதலில் தெரிவது இதுதான். இதில் எல்லோரும் செய்யும் தவறு சோப்புப் போடுவது. போட்ட மறுநொடி மஞ்சள் திட்டு செங்காவி நிறமாக மாறும். பார்த்தவர் தோல் வெந்துவிட்டதென்று பயந்துவிடுவார். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறதே, அதே மாற்றம்தான் இது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். காரம் நீங்கினால் மீண்டும் மஞ்சளாகும். ஆகவே சிவந்துவிட்டால் தேய்ப்பதை நிறுத்தி, வெறும் தண்ணீர்த் துணியால் நாலைந்து முறை ஒற்றி எடுங்கள். நிறம் பழையபடி திரும்பும்.

குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் குழம்புக் கறையில் முதலில் எண்ணெயை ஒற்ற வேண்டும், பிறகு தோல் க்ளீனரை இரண்டு சுற்றுப் போட வேண்டும். அதன் பிறகும் இளமஞ்சள் சாயல் நின்றால் கையை எடுத்துவிடுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் தானாகவே சிதையும் பொருள். காலை இளவெயில் அந்த இடத்தில் படும்படி காரை ஒரு மணி நேரம் நிறுத்தி, சில நாள்கள் தொடர்ந்து செய்தால் சாயல் வெளுக்கும். உச்சி வெயில் வேண்டாம்; அது தோலையும் சேர்த்துக் காய்ச்சும்.

தேங்காய் எண்ணெய். தலைச்சாய்விலும் முதுகின் மேற்பகுதியிலும் கருத்த திட்டாக இருப்பது தலைக்குத் தேய்த்த எண்ணெய். பல மாதம் ஊறிய எண்ணெய் பூச்சை இளக்கி, விரல் வைத்தால் ஒட்டும்படி ஆக்கிவிடும். புதிதென்றால் க்ளீனரே போதும். பழையதென்றால் ஒரே நாளில் எடுக்க முயலாமல், வாரத்துக்கு ஒரு முறை லேசாகத் துடைத்து, மூன்று நான்கு வாரங்களில் குறைக்க வேண்டும். ஒட்டும் நிலையில் உள்ள பூச்சை அழுத்தித் தேய்த்தால் சருகாக உரிந்து வரும். எண்ணெய் கேன் கவிழ்ந்து சிந்தியதென்றால் முதல் வேலை, காகிதத்தாலோ பனியன் துணியாலோ ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றுவது. துளையில்லாத இருக்கையானால் டால்கம் பவுடர் தூவி இரவு முழுவதும் விட்டுக் காலையில் உறிஞ்சலாம்.

துணிச் சாயம். வெளிர் நிற இருக்கையில் நீலமும் கறுப்பும் படியக் காரணம் பெரும்பாலும் புது ஜீன்ஸும் அலசாத கறுப்பு பனியன் துணிகளும்தான். வியர்வையும் சூடும் சேரும்போது சாயம் பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. ஒரு வாரத்துக்குள் பார்த்தால் க்ளீனரில் போகும். மாதங்கள் ஆனால் பாதிதான் போகும். மீதியை எடுக்கத் தின்னரைத் தேடாமல், அந்த அளவோடு நிறுத்துவதுதான் அறிவுடைமை.

பால்பாயிண்ட் பேனா மை. இதில் சாமர்த்தியத்தைவிட வேகமே உதவும். பஞ்சுக் குச்சியில் தோலுக்கான மை நீக்கியைத் துளியளவு தொட்டு, கோட்டின் மேல் உருட்டுங்கள். தேய்த்தால் கோடு மேகமாகப் பரவும். ஒவ்வோர் உருட்டலுக்கும் குச்சியின் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள், பக்கம் தீர்ந்தால் புதுக் குச்சி எடுங்கள். ஹேர் ஸ்ப்ரே, சானிடைசர், சர்ஜிக்கல் ஸ்பிரிட் மூன்றும் மையை எடுப்பது உண்மைதான். கூடவே மேல்பூச்சையும் எடுப்பதும் உண்மை. சானிடைசர் பெரும்பாலும் 70 சதவீதம் ஆல்கஹால். கதவுப் பையில் வைத்த புட்டி கசிந்து, பேனாவே படாத இடத்தில் நிறம் போன இருக்கைகளை அடிக்கடி பார்க்க முடிகிறது. கொசு விரட்டிக் க்ரீம்களில் உள்ள டீட் என்னும் வேதிப்பொருளும் பிளாஸ்டிக் வகைப் பூச்சுகளை இளக்கும். அதைப் பூசிய கையோடு சீட்டைப் பிடித்து ஏறாமல் இருப்பது நல்லது.

காபி, டீ, பால், மோர். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் உடனே ஒற்றுங்கள். பால் கலந்த எதற்கும் சுடுதண்ணீர் ஆகாது. பாலின் புரதம் சூட்டில் இறுகி அங்கேயே பிடித்துக்கொள்ளும். பாலில் கறையைவிட நாற்றமே பெரிய தொல்லை. தையல் வழியே பஞ்சுக்குள் இறங்கியிருந்தால் மேலே எவ்வளவு துடைத்தாலும் மூன்றாம் நாள் புளிப்பு வாடை வரும். அப்போது உறையைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யும் கடைக்குத்தான் போக வேண்டும். பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள இருக்கையின் உறையை வீட்டில் கழற்ற வேண்டாம்.

இளநீர், கரும்புச்சாறு. காயும்வரை தெரியாது, காய்ந்தபின் பழுப்பாகப் பிசுபிசுக்கும். இது சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைக் கறையின் மேல் இரண்டு நிமிடம் போட்டு வைத்தால் தானே கரையும். சுரண்டத் தேவையே இல்லை.

வாழைக்கறை. தோட்டத்திலிருந்து தாரையோ இலைக்கட்டையோ பின்சீட்டில் வைத்துக் கொண்டுவருபவர்களுக்கு இது நேரும். வேட்டியில் பட்ட வாழைக்கறை போகாது என்பது நமக்குத் தெரியும். பூச்சில்லாத தோலிலும் அதே கதைதான். பூச்சுள்ள இருக்கையில், நிறமில்லாத பாலாக இருக்கும்போதே துடைத்தால் தப்பிக்கலாம். பழுப்பேறிய பிறகு க்ளீனரில் எவ்வளவு போகிறதோ அவ்வளவுதான். தார்ப்பாய் விரித்து ஏற்றுவது இந்த வேலையையே இல்லாமல் செய்யும்.

வெற்றிலை எச்சில், குங்குமம், சந்தனம். குங்குமமும் சந்தனமும் பொடியாக இருக்கும்வரை உறிஞ்சுங்கள், நனைக்காதீர்கள். வெற்றிலைச் சாற்றில் சுண்ணாம்பும் இருப்பதால் காயவிடாமல் தண்ணீரால் ஒற்றிவிட்டுப் பிறகு க்ளீனர் போட வேண்டும்.

8. எங்கே நிறுத்துவது

வெள்ளைத் துணியைக் கேட்டதற்கான இரண்டாவது காரணம் இதுதான். தேய்க்கும்போது துணியைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சாம்பலோ பழுப்போ வரும்வரை நீங்கள் எடுப்பது அழுக்கு. இருக்கையின் நிறமே துணியில் சீராக வரத் தொடங்கினால், போவது பூச்சின் நிறம். அந்த நொடியில் நிறுத்த வேண்டும். கறை பாதியாக நின்றாலும் பரவாயில்லை. பாதிக் கறையை மறைக்க வழி உண்டு, பூச்சு போன இடத்துக்கு நிறம் ஏற்றும் வேலைதான் மிஞ்சும்.

ஒரே இடத்தை ஒரு நாளில் இரண்டு சுற்றுக்கு மேல் துடைக்கக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்வது பயனுள்ளது. தேய்ந்த இடத்தைக் கறை என்று எண்ணித் தேய்ப்பதும் நடக்கிறது. ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பைக் கூர்ந்து பாருங்கள்: அங்கே கருத்து மின்னினால் அழுக்கு, வெளிறி, சிறு நார்கள் எழும்பித் தெரிந்தால் தேய்மானம். தேய்மானத்தையும் வெடிப்பையும் எந்த க்ளீனரும் சரிசெய்யாது.

பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், ப்ளீச்சிங் பவுடர் ஆகிய நான்கும் எந்தக் கறைக்கும், எந்த அளவிலும், தோல் இருக்கைக்கு ஆகாதவை.

9. காயவைத்தல், பிறகு பாதுகாப்புப் பூச்சு

கதவுகளைத் திறந்து வைத்து மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் விடுங்கள். ஹேர் டிரையரும் நேர் வெயிலும் தோலைச் சுருக்கும். தையல் கோட்டை விரலால் தடவிப் பார்த்து ஈரம் இல்லையென்று உறுதி செய்தபின்தான் ப்ரொடெக்டன்ட் போட வேண்டும். ஈரத்தின் மேல் போட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும்.

மைக்ரோஃபைபர் துணியில் நெல்லிக்காய் அளவு எடுத்து, ஒரு துண்டு முழுவதும் மெல்லப் பரப்பி, பத்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வெளிர் நிற இருக்கைக்கு இந்தப் படி கட்டாயம்: அடுத்த ஜீன்ஸ் சாயம் பூச்சில் இறங்குவதற்கு முன் இந்தப் படலத்தில் நிற்கும், துடைத்தால் வந்துவிடும். துளையிட்ட இருக்கையில் திரவ வகையைத் துணியில் தொட்டுப் போடுங்கள். க்ரீம் ஓட்டைகளில் வெள்ளையாக நிற்கும்.

'தோல்தானே, எண்ணெய் விட்டால் மெதுவாக இருக்கும்' என்று காங்கேயத்துச் செக்குத் தேங்காய் எண்ணெயையே தடவுபவர்கள் உண்டு. செருப்புக்கும் மாட்டு வாருக்கும் அது சரியாக இருக்கலாம், அந்தத் தோலின் மேல் இந்தப் பூச்சு இல்லை. கார் இருக்கையில் எண்ணெய் உள்ளே போகாது. மேலே நின்று புழுதியைப் பிடிக்கும், சட்டையில் ஒட்டும், நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஷூ பாலிஷ், வாஸ்லின், வேப்பெண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே பதில். சிலிக்கோன் கலந்த டாஷ்போர்டு பாலிஷ் இருக்கையை வழுக்கவைக்கும். அதே துணியால் ஸ்டியரிங்கையும் துடைத்துவிட்டால் அது ஆபத்து. தோல் சுற்றிய ஸ்டியரிங்கை க்ளீனரால் துடைத்து உலர்த்துவதோடு நிறுத்த வேண்டும்.

10. அதற்குப் பிறகான மாதங்கள்

வாரத்துக்கு ஒரு முறை உலர்ந்த துணியால் தூசி எடுப்பதும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேலே சொன்ன முழுத் துடைப்பும் போதும். ஓட்டுநர் இருக்கைக்கு மட்டும் கோடையில் மாதம் ஒரு முறை செய்யலாம். வியர்வை உப்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் நல்ல தண்ணீர்த் துணி ஒன்றே போதும்.

தலைச்சாய்வின் மேல் துண்டு போடுவது நல்ல பழக்கம். அதை வாராவாரம் துவைக்க வேண்டும். புதிதாக வாங்கிய வண்ணத் துண்டையோ சென்னிமலைப் போர்வையையோ இரண்டு மூன்று முறை அலசாமல் விரித்தால் அதன் சாயம் இருக்கைக்கு வரும். தோல் இருக்கையின் மேல் நிரந்தரமாக ரெக்சின் உறை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உறைக்கும் தோலுக்கும் நடுவில் நுழையும் மணலை வெளியேற்ற வழியில்லை. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அது அரைக்கிறது, வியர்வை ஈரமும் அங்கேயே நிற்கிறது. இருக்கையில் காற்றுப்பை இருந்தால் உறை அதை மறிக்கவும் கூடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் மூடியே கிடக்கும் கார்களில், குறிப்பாக வால்பாறை, ஆனைமலை அடிவாரப் பக்கம், பூஞ்சை பிடிக்கும். அதைக் காருக்குள் வைத்துத் தட்டினால் வித்துகள் கூரைத் துணியில் போய் உட்காரும். முகக்கவசம் அணிந்து, கதவுகளைத் திறந்து, முதலில் வேக்குவம், பிறகு க்ளீனர், பிறகு முழுதாக உலர்த்தல் என்ற அதே வரிசையில் செய்யுங்கள். மழைக்காலத்தில் வாரம் இரு முறையாவது ஏசி போட்டுக் காரை அரை மணி ஓட்டினால் உள்ளே ஈரப்பதம் தங்காது.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்று, காரை உள்ளும் புறமும் சுத்தம் செய்து தரும் டீட்டெயிலிங் கடைக்குக் கொடுப்பவர்கள், சாவியைக் கொடுப்பதற்கு முன் அவர்கள் சீட்டுக்குப் பயன்படுத்தும் புட்டியைக் காட்டச் சொல்ல வேண்டும். கூரைத் துணிக்கும் கால்மிதிக்கும் அடிக்கும் பொது க்ளீனரையே தோலுக்கும் அடிக்கும் கடைகள் உண்டு. அதில் பெரும்பாலானவை காரத்தன்மை உடையவை. தோலுக்கென்று தனிப் புட்டி இல்லையென்றால், வெளிப்புறக் கழுவலை மட்டும் செய்யச் சொல்லிவிட்டு இருக்கையைத் தொட வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.